நான்கு துணைப் புள்ளிகள்

ஏசியை இவ்வளவு தாழ்த்தி வைத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள், குளிர் எடுத்தால் கிழவி சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கலாம், என் முழங்கால் சமாசாரம் சிவசைலத்துக்குத் தெரியும், காலையில் படியேறும்போது பார்த்தாரே, "மெதுவா வாங்க மேடம், ஒண்ணும் அவசரமில்ல" என்று கையைக்கூட நீட்டினார், கை நீட்டுகிற பழக்கம் அவருக்கு எப்போது வந்தது, கருத்தரங்குகளில் என்னைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போகிற மனிதர். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கிறார். மேடையில் அவருடைய மாணவி ஜெபக்கனி. அவர் அவளுக்குக் கைடு, நான் வெளித் தேர்வாளர், அதாவது வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து முன்வரிசை மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பெண்ணுக்குப் பிஎச்.டி. கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள். பேராசிரியர் மங்களேஸ்வரி அவர்கள் என்று சற்று முன் மைக்கில் சொன்னார்கள், கைதட்டினார்கள், எதற்குக் கைதட்டல், நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே. நேற்று ஸ்டேஷனுக்குக் கார் வந்திருந்தது. விருந்தினர் அறையில் புதுச் சோப்பு, உறை பிரிக்காதது, தட்டில் மலைவாழைப்பழம். டிரைவர், "மேடத்த நல்லா பாத்துக்கிடச் சொன்னாவ" என்றான், யார் சொன்னாவ, எதற்குச் சொன்னாவ, நல்லா பார்த்துக்கொள்ள நான் என்ன பிரசவத்துக்கா வந்திருக்கிறேன். காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் சிவசைலம் குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கு ஒரு காலேஜ்ல ஆர்டர் வந்துட்டு மேடம். பட்டம் கைக்கு வந்தாத்தான் சேர முடியும். இந்த மாசத்தோட கெடு. நீங்க ரெண்டு கேள்வி கேட்டாப் போதும்" என்றார், சட்னியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. சட்னி நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஆங்கிலத்தில் பேசுகிறாள், மனப்பாடம், மூச்சு விடுகிற இடம்கூடப் பழகி வைத்திருக்கிறாள். நீலப் பட்டுப் புடவை, தோளில் குத்தின ஊசி கழன்றுவிடுமோ என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறாள், அல்லது அது ஊசிக்காக இல்லை, பயத்துக்காக. பயப்படுகிறவள் எதையாவது மறைக்கிறாள் என்று அர்த்தமில்லை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எல்லோரும்தான் பயப்படுகிறார்கள், என்றாலும். பின்வரிசையில் அவள் குடும்பம் முழுக்க வந்திருக்கிறது, அம்மா, அப்பா, புருஷன், புருஷன் மடியில் ஒரு குழந்தை, அதற்கும் பட்டுப் பாவாடை. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. சுவரோரமாக மேஜை போட்டு கேசரியும் வடையும் மூடி வைத்திருக்கிறார்கள், நெய் மணம் இங்கே வரை வருகிறது, முடிவு தெரிந்த பிறகுதானே இனிப்பு, இங்கே முடிவுக்கு முன்னாலேயே அடுப்பை மூட்டியாகிவிட்டது, நான் இப்போது கூடாது என்று சொன்னால் அந்தக் கேசரியை என்ன செய்வார்கள். அவள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஜெபக்கனிக்க அம்மா. காப்பி குடிச்சியளா" என்று கேட்டாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. அவள் கண்ணில் ஒன்றும் இல்லை, வெறும் காப்பிதான் கேட்டாள், ஆனால் நான் அந்தக் கையிலிருந்து என் கையை ஏதோ ஒப்பந்தத்திலிருந்து உருவிக்கொள்கிற மாதிரி உருவிக்கொண்டேன். இப்போது அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆங்கிலமும் புரியாது, படமும் புரியாது, மகள் நிற்பது மட்டும் புரியும். திரும்பிப் பார்க்காதே, மங்களம், பார்த்தால் அப்புறம் கேள்வி கேட்க வாய் வராது, அதற்காகத்தானே அவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். இல்லை, அப்படி இல்லை, எந்த ஊர் வைவாவிலும் குடும்பம் வரும். என் அப்பாகூட வந்திருந்தார், வேட்டியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டு.

படிகம் என்றால் ஒழுங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம், ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் அச்சு அசலாக அதே கட்டம், அதற்குப் பக்கத்தில் அதே, கட்டத்துக்குள் அணுக்களும் அதே அதே இடத்தில். இவள் எடுத்துக்கொண்ட உலோக ஆக்ஸைடு அப்படி அடங்கி உட்காருவதில்லை. அதில் பிஸ்மத் அடுக்கு ஒன்று, கோபால்ட் அடுக்கு ஒன்று, மாற்றி மாற்றி, ஒன்றுக்கு இடம் கூடுதலாக வேண்டும், மற்றதற்குக் குறைவாகப் போதும், இரண்டும் பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீளத் துணியைக் குட்டைத் துணியோடு வைத்துத் தைத்தால் சுருக்கு விழுகிறதே அந்த மாதிரி, அணுக்கள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று அலையாக நகர்ந்து சமாளித்துக்கொள்கின்றன. தொல்லை என்னவென்றால் அந்த அலையின் நீளம் கட்டத்தின் நீளத்துக்குள் சரியாக அடங்குவதில்லை, எத்தனை கட்டம் தள்ளிப் போனாலும் முதல் கட்டத்தில் அணு உட்கார்ந்த அதே இடம் மறுபடி வராது. எனக்கு இந்த ஆக்ஸைடுகள் பிடிக்கும். வேறு யாரையும் நம்பாத நான் இவற்றை நம்புகிறேன், ஏனென்றால் இவை ஒழுங்காக இருக்கிற மாதிரி நடிப்பதில்லை. எக்ஸ்ரேயைப் பாய்ச்சிப் படம் எடுத்தால் கட்டங்களுக்குப் பளிச்சென்று முதன்மைப் புள்ளிகள் வரும், அலைக்கு அவற்றின் ஓரத்தில் மங்கலாகத் துணைப் புள்ளிகள் வரும். ஒரு அலை என்றால் ஒவ்வொரு முதன்மைப் புள்ளிக்கும் இரண்டு துணை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஜெபக்கனியின் படத்தில் நான்கு. முதன்மைப் புள்ளியை நடுவில் வைத்துப் பெருக்கல் குறி போட்ட மாதிரி நான்கு துணைப் புள்ளிகள். அதனால் இரண்டு அலைகள் எதிரெதிராகச் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒரே படிகத்துக்குள் ஓடுகின்றன என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. அதுதான் இந்தத் தீசிஸின் உயிர், மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதற்குப் பந்தல்கால். அந்தப் படத்தைத்தான் நான் நம்பவில்லை. தீசிஸ் தபாலில் வந்த அன்றிலிருந்து நம்பவில்லை. என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, குறையே இல்லை என்பதுதான் குறை, பின்னணி துடைத்துவிட்ட மாதிரி கறுப்பு, புள்ளிகள் எல்லாம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றன. மங்கலான துணைப் புள்ளி அப்படி நிற்காது, எனக்குத் தெரியும், அதைப் பார்க்க நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்.

வரைந்திருக்கிறாளா. வரையலாம், இப்போது கணினியில் எதை வேண்டுமானாலும் வரையலாம், என் மருமகள் கல்யாண ஆல்பத்தில் வராத மாமாவையே நிற்க வைத்துவிட்டாள். ஆனால் இந்த முகம் வரைகிற முகமா. முகத்தில் என்ன இருக்கிறது, சேலத்தில் ஒரு வைவாவில் பார்த்த பையன் முகமும் பால் மாதிரிதான் இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இந்த அளவீடு எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று, அவ்வளவுதான், அவன் கைடைப் பார்த்தான், கைடு கூரையைப் பார்த்தார், பையன் அழுதுவிட்டான், முன்வரிசையில் அவன் குழந்தையும் சேர்ந்து அழுதது. நான் கேட்டது சரி. இன்று வரை அது சரிதான். ஆனால் அதற்கப்புறம் வெகு நாளைக்கு என்னை எந்த வைவாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை, மங்களேஸ்வரியா, ஐயோ அந்த அம்மா வேண்டாம் என்று துறைத் துறையாகச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு வந்து சொன்னவர்களும் உண்டு, சொல்லும்போது சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இப்படி வெளியூர் வருவது பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஜன்னலோர சீட்டு, அந்த அறையில் யாரோ மடித்து வைத்த துண்டு, மேடம் மேடம் என்று நாலு பேர். வீட்டில் என் புருஷன் சந்தானம் என்னை மேடம் என்று சொல்வதில்லை. "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்டி" என்று சொல்வார், நான் கத்தரிக்காயைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது. போலீஸ்காரன்கூட வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவான், உனக்கு அதுவும் இல்லை என்றார் ஒரு நாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அந்தச் சிரிப்பை நான் இன்னும் நம்பவில்லை. இப்போது நான் சந்தேகப்படுவது படத்தினாலா, சட்னியினாலா. யாராவது உபசாரம் செய்தால் உடனே பையில் கையை விட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ஒருவேளை இவள் நல்லவளாக இருந்து, நல்ல படிகம் வளர்த்து, ராப்பகல் பாராமல் நல்ல படம் எடுத்திருந்தால், அழகாக இருக்கிற ஒரே குற்றத்துக்காக நான் அவளைச் சபையில் நிறுத்திக் கேட்பேன், வேலை போகும், கெடு போகும், சொரசொரப்பான கைக்காரி என்னை என்ன நினைப்பாள். கேட்காமல் விட்டால்? விட்டால் நான் என்னை என்ன நினைப்பேன் என்பது இருக்கட்டும், அந்தப் படம் நூலகத்தில் போய் உட்காரும், பின்னால் வருகிறவர்கள் இல்லாத அலையைத் தேடி வயதைத் தொலைப்பார்கள். ஆனால் இல்லாத அலை என்று எனக்கு யார் சொன்னது. எங்கே சுற்றினாலும் இங்கேயே வந்து நிற்கிறேன். இந்தக் குளிருக்கு என் சால்வையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், இவர்கள் போடப்போகிற சால்வை மேஜையில்தான் இருக்கிறது, சரிகை, கூச்சமில்லாமல் மினுங்குகிறது.

அந்த ஸ்லைடு வந்தது. வந்ததும் போய்விட்டது. மற்ற ஸ்லைடுகளில் நின்று நிதானமாகக் குச்சி வெளிச்சத்தை ஓட்டினவள் இதை மட்டும் கடக்கிற மாதிரி கடந்தாள், இரண்டு வாக்கியம், உடனே அடுத்தது, தண்ணீர் ஒரு வாய், கண் சிவசைலத்தின் பக்கம் ஒரு தடவை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், சரி சரி போ என்கிற ஆட்டல். ஆகா, அப்படியானால் இருக்கிறது, ஏதோ இருக்கிறது, இவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கேசரிக்குக்கூடத் தெரியும். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, அந்தத் திருப்தி நல்லதில்லை என்பதும் தெரிந்தது. தீசிஸ் புத்தகத்தைத் திறந்து படத்தைத் தேடினேன், தாளில் உள்ளங்கையளவுதான், இதில் எதுவும் தெரியாது. கையைத் தூக்கினேன். "அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டுங்கள்" என்றேன் ஆங்கிலத்தில். நடுவில் நிறுத்துவது மரியாதையில்லை, ஆனாலும் தேர்வாளர் நிறுத்தலாம். சிவசைலம் நாற்காலியில் அசைந்தார். அவள் பின்னுக்குப் போய்ப் படத்தை நிறுத்தினாள், திரை முழுக்க, சுவரளவு, நடுவரிசைப் பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

புள்ளிகளைப் பார்க்காதே. புள்ளிகளைப் பார்த்தால் அழகில் மயங்குவாய், பின்னணியைப் பார், ஓரத்தைப் பார், பொய் எப்போதும் ஓரத்தில்தான் சரியாகப் பெருக்காமல் விட்டிருக்கும். வலது மேல் மூலையில் ஒரு அழுக்கு. வரிசையில் சேராத ஒற்றைப் புள்ளி, நீள்வாக்கில் இழுத்த மாதிரி. பனி. படிகத்தைக் குளிரூட்டிப் படம் எடுக்கும்போது காற்றிலிருக்கிற ஈரம் அதன்மேல் பனியாக ஒட்டும், அந்தப் பனித்துகள் தன் பங்குக்கு எங்கேயாவது ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுப் போகும், எல்லோருக்கும் நடப்பதுதான். அட, அப்படியானால் வரையவில்லை. பனியை யாரும் வரைய மாட்டார்கள், திருடன் அழுக்கை வரைந்து வைப்பானா, நிஜப் படம்தான், நிஜ எக்ஸ்ரே, நிஜப் படிகம். வெட்கமாக இருந்தது, நல்லவேளை வாயைத் திறக்கவில்லை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன், சரி, இரண்டு கேள்வி, கேசரி, சால்வை, மாலை ரயில். அப்போதுதான் இடது மேல் மூலை. அங்கேயும் ஒரு அழுக்கு. அதே நீளம், அதே இழுப்பு, கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கம் சாய்ந்து. பனித்துகளுக்குப் படிகத்தின் ஒழுங்கு தெரியாது, அது விழுந்த இடத்தில் விழும், இடதுக்கும் வலதுக்கும் சமமாக விழ அதற்கு என்ன தலையெழுத்து. மடித்திருக்கிறார்கள். மை காயாத தாளை நடுவில் மடித்துப் பிரித்தால் இடதின் மை வலதிலும் வலதின் மை இடதிலும் ஒட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடுமே, குழந்தைகள் பட்டாம்பூச்சி செய்வார்களே, அதைச் சாஃப்ட்வேரில் செய்யலாம், படத்தின் இடது பாதியையும் வலது பாதியையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுச் சராசரி எடுத்தால் பின்னணி இரைச்சல் அடங்கிப் படம் துடைத்த மாதிரி வரும். முதன்மைப் புள்ளிகள் இரண்டு பக்கமும் சமமாக இருப்பவை, அவற்றை மடிக்கலாம், ஒன்றும் ஆகாது. அலையை மடிக்கலாமா. அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிற அலையாக இருந்தால்? துணைப் புள்ளிகள் முதன்மைப் புள்ளியின் இரண்டு பக்கமும் ஒரு சாய்கோடாகத்தான் நிற்கும். மடித்தால் எதிர்ச்சாய்வில் இன்னொரு கோடு ஒட்டிக்கொள்ளும். பெருக்கல் குறி. இரண்டு அலை இல்லை, ஒரே அலைதான், மற்றது அதன் மை ஒட்டிய கறை. பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வராது. எங்கள் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு இது, சுத்தம் செய்யப்போய் இல்லாததை உண்டாக்குவது.

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. தெரியாமல் செய்த தப்பா, தெரிந்து செய்ததா. தெரியாமல் என்றால் மக்கு, மக்குக்குப் பட்டம் கொடுக்கலாம், கொடுத்திருக்கிறோம். தெரிந்து என்றால். அந்த வேகம், அந்த ஒரு வாய் தண்ணீர், அந்தத் தலையாட்டல். அவள் இதற்குள் பேசி முடித்துவிட்டாள், நன்றி என்று ரோஜாப்பூ போட்ட கடைசி ஸ்லைடு வந்து நிற்கிறது, கடவுளுக்கு, கைடுக்கு, அம்மா அப்பாவுக்கு, கைதட்டல். கேள்விகள் என்றார் சிவசைலம். முன்னாலேயே கேள்வியை எழுதிக் கொடுத்து உட்கார வைத்திருந்த பையன் எழுந்து வருங்காலத்தில் இதன் பயன்பாடு என்ன என்று கேட்டான், அவள் சொன்னாள், அவன் ரொம்பத் திருப்தி அடைந்த மாதிரி உட்கார்ந்தான். அப்புறம் மைக் என் கைக்கு வந்தது. சிவசைலம் என் காதருகே, "லேசா கேட்டு முடிச்சிருங்க மேடம், வடை ஆறிப்போகும்" என்றார். வாசனைப்பாக்கு மணத்தது. பின்வரிசை முழுக்க என் முதுகில் இருந்தது. ஆங்கிலத்திலேயே கேட்பது என்று முடிவு செய்தேன், கேட்கத்தான் வேண்டும், ஆனால் பெற்றவளுக்குப் புரிய வேண்டாம், அந்த ஒரு உபகாரம் என்னால் முடியும். அந்தப் படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் மடித்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள், சிவசைலத்தைப் பார்க்கவில்லை. பிறகு, அதுவரை பேசிய ஆங்கிலத்தைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் சொன்னாள். "ஆமா மேடம். மடிச்சிருக்கு."

நான் மூடி வைத்த கதவை இவள் ஏன் திறக்கிறாள், அம்மா கேட்கிறாள், புருஷன் கேட்கிறான்.

"அது சாஃப்ட்வேர்ல இருக்க வசதி மேடம்" என்றார் சிவசைலம். "இரைச்சல் குறையும். எல்லாரும் செய்யதுதான்."

"மடிக்காத படம் இருக்கா?" என்று நானும் தமிழில் கேட்டேன்.

"இருக்கு மேடம்" என்றாள். ரோஜாப்பூவைத் தாண்டி ஒரு தட்டுத் தட்டினாள். நன்றிக்குப் பிறகு எவரும் எதிர்பார்க்காத இடத்தில் இன்னொரு ஸ்லைடு இருந்தது. தலைப்பு இல்லை. மணல் கொட்டின மாதிரி இரைச்சல், வலது மூலையில் மட்டும் பனி, ஒவ்வொரு முதன்மைப் புள்ளிக்கும் பக்கத்தில் கண்ணைச் சுருக்கினால் தெரிகிற இரண்டு துணைப் புள்ளிகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. இவ்வளவு அழுக்கான படத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டு எவ்வளவோ நாளாயிற்று.

"துணைப் புள்ளி ரெண்டுதான் மேடம்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "ஒரே அலைதான், சாஞ்சு போகுது. ரெண்டு அலைன்னு அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கது தப்பு."

தன் தீசிஸை, தன் வாயால், தன் வீட்டார் முன்னால். பின்வரிசையில் குழந்தை எதையோ கீழே போட்டது. அப்படியானால் இவளுக்குத் தெரியும். இன்று தெரிந்ததில்லை, படத்தைத் தயாராக வைத்திருக்கிறாள், தெரிந்துகொண்டே தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், அது பிழை இல்லை, பொய். என் கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தெரிந்தும் ஏன் எழுதினாய், நியாயமான கேள்வி, சேலத்துக் கேள்வி மாதிரி நியாயமானது. அவள் அதற்குத்தான் காத்திருந்தாள், தோள் ஊசியைப் பிடித்துக்கொண்டு. என் தப்பு என்று சொன்னால் பட்டம் போகும். சார் சொன்னார் என்று சொன்னால், முடிவு அறிக்கையில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் விழ வேண்டும், விழாது, அப்படியும் பட்டம் போகும். இரண்டும் தெரிந்துதான் அந்த ஸ்லைடைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், ஒருவர் கேட்டால் காட்டுவேன் என்று. நான் கேட்காமல் போயிருந்தால் ரோஜாப்பூவோடு முடிந்திருக்கும், கல்லூரிக்குப் போயிருப்பாள், அந்தப் படம் மூடியே கிடந்திருக்கும். காலையிலிருந்து இந்தப் பெண்ணைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம், முழு வெட்கம், காதெல்லாம் சுட்டது. இத்தனை சந்தேகமும் தப்பான ஆளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, பார்க்க வேண்டிய நாற்காலி என் பக்கத்திலேயே இருந்தது.

தேர்வாளர் மாணவியைத்தான் கேட்பார், கைடைக் கேட்பதில்லை, எந்த வைவாவிலும் நான் பார்த்ததில்லை, கைடும் தேர்வாளரும் ஒரே சோபாவின் ஆட்கள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன், கால் தரையில் கிறீச்சிட்டது, மைக்கைத் தாழ்த்தவில்லை.

"சிவசைலம் சார், இந்தப் படம் ஏன் தீசிஸுக்குள்ள வரல? அந்தப் பொண்ணுகிட்ட கேக்கல. உங்ககிட்டதான் கேக்கறேன்."

அவர் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார், வேடிக்கை நடக்கிற மாதிரி. "தீசிஸ் எழுதும்போது இந்தப் படமே கிடையாது மேடம். பொறவு எடுத்திருப்பா. என்னம்மா, பொறவு எடுத்ததுதான?"

ஒரு தலையாட்டல் போதும். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினால் எல்லோரும் வடை சாப்பிடலாம், புதுப் படம், புதுத் தகவல், சின்னத் திருத்தம், யாருக்கும் நஷ்டமில்லை. அவர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தலை ஆடவும் இல்லை, மறுக்கவும் இல்லை, கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது, நானே ஆட்டிவிடு பெண்ணே என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்தேன்தான்.

"இல்ல சார், அது அப்பவே இருந்துச்சு."

பின்வரிசையிலிருந்து. அவள் அம்மா எழுந்து நின்றிருந்தாள், குழந்தையின் பால்புட்டி கையில். கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்குத் தெரு சொல்கிற மாதிரி சொன்னாள். "புள்ளி நாலு இல்லம்மா, ரெண்டுதான், சொன்னா சார் கேக்க மாட்டேங்காவன்னு வீட்டுல வந்து அழுதா. சோறுகூடத் திங்கல. என்ன புள்ளின்னு எனக்கு அப்போ தெரியல. இன்னைக்குத்தான் பாக்கேன்."

ஜெபக்கனி, "அம்மா, இரும்மா" என்றாள், அப்போதுதான் அழுதாள். சிவசைலம் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்திருந்தார். நான் முடிவு அறிக்கைத் தாளை மடியில் வைத்து, எல்லோரும் பார்க்க, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதினேன். அடுத்த வரியில், ஐந்தாம் அத்தியாயம் மடிக்காத படத்தோடும் ஒற்றை அலையோடும் திருத்தி எழுதப்பட வேண்டும், அந்தப் படம் முதலிலேயே இருந்தது, நெறியாளரிடம் சொல்லப்பட்டது என்று சபையில் கேட்டேன் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாளை அவர் முழங்கால்மேல் வைத்தேன். அவர் சட்டைப் பையைத் தடவினார், அதில் பேனா இருந்தது எனக்குத் தெரியும், இல்லாத மாதிரி தடவிக்கொண்டே இருந்தார். என்னுடையதை நீட்டினேன். கூட்டம் முழுக்க அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஜெபக்கனியின் அம்மா இன்னும் உட்காரவில்லை, அவர் வாங்கிக்கொண்டார்.